ஐயாவின் பெட்டியை யாரும் திறப்பதில்லை

ஊரிக்காடு,
வல்வெட்டித்துறை.
04.03.2024

இஞ்சாருங்கோ,

கடிதத்தில் உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. நீங்கள் கப்பலில் சமைத்துத் திரிந்த காலத்தில்கூட நான் உங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை. கரை கண்ட இடமெல்லாம் இறங்கித் தொலைபேசி எடுப்பீர்கள். இப்போது உங்கள் தொலைபேசி அடித்து அடித்து ஓய்கிறது. உங்கள் ஐயா வீட்டு மேடத்தின் இலக்கத்துக்கு எடுத்தால் அது பாவனையில் இல்லை என்கிறது.

போன கிழமை கொழும்பிலிருந்து றஞ்சித் என்று ஒருவர் எடுத்தார். நல்ல தமிழ். "அக்கா, பதறாதையுங்கோ. உங்கடை அவர் விமான நிலையத்திலை காசோடை பிடிபட்டிட்டார். தூதரக ஐயாவின்ரை வழக்கறிஞர் எல்லாம் பாத்துக்கொள்ளுவார்" என்றார். "என்ன காசு? ஆற்றை காசு?" என்று கேட்டேன். "அதை நீங்கள் அவரிட்டைத்தான் கேக்கவேணும்" என்றார். இந்த விலாசத்தைத் தந்தவரும் அவர்தான். அந்தச் சிறையில் தமிழில் தொலைபேசி கதைக்க விடமாட்டார்களாம். கடிதம் எழுதலாமாம்.

அதனால் கேட்கிறேன். என்ன காசு?

இங்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இணையத்தில் யாரோ போட்டிருக்கிறார்கள்: "வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவர் பெருந்தொகை வெளிநாட்டுப் பணத்துடன் கைது." நீங்கள் ஒரு ராஜதந்திரியின் வீட்டுச் சமையல்காரர் என்று ஓர் இடத்திலும் இல்லை. எங்கள் ஊரின் பெயரைப் போட்டால் போதுமே, மிச்சத்தைச் சனம் தானாக நிரப்பிக்கொள்ளும். சங்கக்கடையில் நான் சாமான் நிறுக்கும்போது கதை நின்றுபோகிறது. நான் உள்ளே போனதும் தொடங்குகிறது.

தம்பி தனோஜன்தான் என் பக்கத்தில் நிற்கிறான். "அக்கா, அத்தான் ஆற்றையும் ஒரு சதத்தைத் தொடாத மனிசன். ஆரோ மாட்டி விட்டிட்டாங்கள்" என்கிறான். தானும் இரண்டு வரி எழுதப்போகிறேன் என்று பேனையை வாங்கினான். நான் விடவில்லை. புனர்வாழ்வு முகாமிலிருந்து அவன் வந்து இத்தனை வருடமாகியும் யாராவது வந்து "தம்பி எங்கை, என்ன செய்யிறார்" என்று விசாரித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள். வெளிநாட்டுச் சிறைக்குப் போகிற கடிதத்தில் என் தம்பியின் கையெழுத்து இருக்க வேண்டாம்.

சீனி வருத்தத்துக்கு மாத்திரை தருகிறார்களா?

கலா

-

29.03.2024

அன்பின் கலா,

உம்முடைய கடிதம் கிடைத்தது. யாரோ பிரித்து வாசித்து முத்திரை குத்தித்தான் தந்தார்கள். மாத்திரை தருகிறார்கள். குளிர்தான் தாங்கவில்லை.

நீர் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். பெட்டி என்னுடையது. காசு என்னுடையதல்ல.

ஐயா வீட்டுக்கு வியாபாரிகள் சாப்பாட்டுக்கு வருவார்கள் என்று உமக்குச் சொல்லியிருக்கிறேன். எதற்கு வருகிறார்கள் என்று சொல்லவில்லை. வரும்போது கையில் ஒரு பெட்டி இருக்கும். போகும்போது இராது. பிறகு ஐயா ஒரு பயணம் போவார். வங்கியில் போட முடியாத காசை எல்லை தாண்டி வைப்பதுதான் பயணம். ராஜதந்திரியின் பெட்டியைத் திறந்து பார்க்க எந்த நாட்டு அதிகாரிக்கும் உரிமை இல்லையாம். சாப்பாட்டு மேசையில் ஐயாவே அதைச் சொல்லிச் சிரிப்பார். நான் மீன் பரிமாறிக்கொண்டு நிற்பேன். எனக்கு ஆங்கிலம் விளங்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். என்னை ஒரு ஆளாக நினைக்கவில்லையோ, இல்லை நம்பினாரோ தெரியாது. நம்புகிறார் என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

பிறகு ஏதோ இறுக்கம் வந்தது. ஐயா தன் பெட்டிகளைக் குறைத்துக்கொண்டார். இந்தமுறை குடும்பத்தோடு பயணம், என்னையும் கூட்டிக்கொண்டு. புறப்பட முதல்நாள் மேடம் எனக்கு ஒரு புதுப் பெட்டி வாங்கித் தந்தார். சில்லுப் பூட்டின நல்ல பெட்டி. என் உடுப்பையும் கறித்தூள்களையும் வைத்தபிறகு, கறுத்தத் துணியில் சுற்றிய பொதிகளைக் கொண்டுவந்து தந்து, "இதையும் உள்ளே வை தியாகு, எங்கள் பெட்டிகளில் இடமில்லை" என்றார். என்னவென்று நான் கேட்கவில்லை. கலா, அந்த வீட்டில் கேட்காமல் இருப்பதும் என் வேலைதான்.

விமான நிலையத்தில் அவர்களுக்குத் தனி வழி. எனக்கு எல்லாரும் போகிற வழி. பெட்டியைத் திறந்தார்கள். நான் உடுக்கிற சாரத்தையும் மிளகாய்த்தூளையும் எடுத்து வைத்தார்கள். பொதியைப் பிரித்தபோது ஒரு பெண் அதிகாரி மற்றவரைக் கூப்பிட்டாள். நான் கண்ணாடிக்கு அங்காலே நின்ற ஐயாவைக் கை காட்டினேன். அதிகாரி ஒருவர் போய் அவரைக் கூட்டிவந்து கேட்டார். ஐயா என்னைப் பார்த்தார். கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த நாள் தொடங்கி அன்றுவரை அவர் எழும்பியதும் கோப்பி வைத்துக் கொடுத்த என்னை, வழியில் கண்ட ஆளைப்போலப் பார்த்தார். "எங்கள் சமையல்காரன். பெட்டி அவனுடையது. உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு போய்விட்டார்கள். ஐயாவின் சின்ன மகள் மட்டும் திரும்பிப் பார்த்து எனக்குக் கை காட்டினாள்.

ஐயாவின் தூதரகம் வைத்த வழக்கறிஞர் வந்து கதைத்தார். ஒரு வழி சொல்கிறார். யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

தம்பியைக் கேட்டதாகச் சொல்லும்.

தியாகு

-

வல்வெட்டித்துறை.
19.04.2024

இஞ்சாருங்கோ,

கடிதத்தைத் தனோஜனுக்கு வாசித்துக் காட்டினேன். ஐயா உங்களைப் பார்த்த இடம் வந்ததும் எழும்பி வெளியே போய்விட்டான்.

வருடப்பிறப்பு முடிந்து நாலாம் நாள் அந்த றஞ்சித் வீட்டுக்கு வந்தார். கொழும்பு இலக்கத்தகடு போட்ட கார். வெள்ளைச் சேட்டு. என்னைவிடச் சின்ன வயது. கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். "மேடம் அனுப்பினவா, வீட்டுச் செலவுக்கு" என்று ஒரு தடித்த உறையை மேசையில் வைத்தார். உள்ளே யூரோத் தாள்கள்.

வேண்டாம் என்றுதான் சொன்னேன். "அக்கா, அவர் உழைச்ச காசு. சம்பளப் பாக்கி எண்டு நினையுங்கோ" என்றார். நீங்கள் அனுப்புவது நின்றுவிட்டது. இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போனதிலிருந்து தம்பிக்கும் தொழில் இல்லை. வாங்கிக்கொண்டேன். மாற்றப்போனால் வங்கியில் கேள்வி கேட்பார்கள் என்ற பயத்தில் அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

அவர் போனதும் தனோஜன் என்னோடு சண்டை. "உதைத் திருப்பிக் குடு அக்கா. உவன் ஆரெண்டே எங்களுக்குத் தெரியாது." அவன் சொன்னது சரிதான் என்று இப்போது படுகிறது. ஏனென்றால் அந்த மனிதர் இருந்த நேரம் முழுக்க என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் யார் யார், தம்பி என்ன தொழில், எந்த முகாமில் இருந்தவர், எப்போது விட்டார்கள். அனுதாபத்தோடு கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். போகும்போதுதான் யோசித்தேன், தம்பி முகாமில் இருந்தவன் என்று நான் அவருக்குச் சொல்லவே இல்லையே.

நீங்கள் அந்த வழக்கறிஞர் சொன்ன வழி என்னவென்று எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் ஒன்றிலும் கையெழுத்து வைக்காதையுங்கோ. பருத்தித்துறையில் கனகாம்பிகை என்று ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். காணாமல் போனவர்களின் வழக்குகளைப் பார்ப்பவர். திங்கட்கிழமை அவரிடம் போகிறேன். அவர் சொல்லும்வரை ஒன்றும் செய்யாதையுங்கோ. இந்தக் கடிதம் கெதியாக வந்து சேரவேண்டும் என்று சந்நிதியானை வேண்டிக்கொண்டு போடுகிறேன்.

கலா

-

22.04.2024

அன்பின் கலா,

இன்றைக்கு நல்ல செய்தி. தீபாவளிக்கு முன் நான் வீட்டில் நிற்பேன்.

வழக்கறிஞர் விளக்கமாகச் சொன்னார். ஐயாவை இந்த நாட்டில் யாரும் விசாரிக்க முடியாது. கேள்விகூடக் கேட்க முடியாது. அவருடைய காசு என்று நான் சொன்னால் அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. பொய்யன் என்று வருடக்கணக்கில் போட்டுவிடுவார்கள். அதைவிட, இங்கேயுள்ள ஒரு தமிழ்க் கடைக்காரர் ஊருக்குக் கொண்டுபோகச் சொல்லித் தந்தார், வீட்டுக்கு ஆள் வந்து வாங்கிக்கொள்ளும் என்று சொன்னார் என்றால், நான் வெறும் சுமந்துபோனவன். குற்றத்தை ஒத்துக்கொண்டவனுக்குச் சின்னத் தண்டனை. ஆறு மாதத்தில் விமானம் ஏற்றிவிடுவார்களாம். உமக்கும் மேடம் உதவி செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நேற்று அந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தேன். கடைக்காரரின் பெயர் தெரியாது என்று சொன்னேன். ஒருவரையும் நான் காட்டிக்கொடுக்கவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். உம்முடைய பெயரையும் தனோஜன் பெயரையும் சொன்னேன். அது சொல்லத்தானே வேண்டும்.

பொய் சொன்னது மனதுக்குக் கஷ்டந்தான். ஆனால் யாருக்கு நட்டம்? ஊருக்குக் காசு கொண்டுபோகாதவன் எவன்? இல்லாத ஒரு கடைக்காரன், இல்லாத ஒரு ஆள்.

இங்கே குசினியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அவிச்ச உருளைக்கிழங்கை எப்படித்தான் இப்படி உருசையில்லாமல் செய்கிறார்களோ. மிளகு கேட்டு வாங்கினேன். ஒரு சோமாலியாக்காரப் பெடியன் இரண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டான். வந்து உமக்கும் தம்பிக்கும் கணவாய்க் கறி வைத்துத் தரவேண்டும். அந்த நினைப்பிலேயே நாள் போகிறது.

தியாகு

-

வல்வெட்டித்துறை.
27.05.2024

திரு. தியாகலிங்கம் அவர்களுக்கு,

உங்கள் நல்ல செய்தி கிடைத்தது. அது வருவதற்கு முன்பே அவர்கள் வந்துவிட்டார்கள்.

புதன்கிழமை விடிந்து நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வான். கொழும்பிலிருந்து வந்த விசாரணைக்காரர், தமிழ் தெரிந்தவர் ஒருவர். குசினியைப் பார்க்கவில்லை, தம்பியின் அறையைப் பார்க்கவில்லை. நேரே அலுமாரிக்குப் போய்ச் சேலைகளைத் தூக்கினார்கள். உறை அங்கேதான் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ஆற்றை காசு இது?" என்று கேட்டார். றஞ்சித் என்று சொன்னேன். "எந்த றஞ்சித்? விலாசம்?" என்றார். அவர் தந்த இலக்கத்தை எடுத்துக் காட்டினேன். அங்கேயே அடித்துப் பார்த்தார்கள். அப்படி ஒரு இலக்கமே இல்லையாம். "அப்ப அம்மா, நீங்களும் ஏறுங்கோ" என்றார்.

தம்பி கிணற்றடியில் நின்றவன் ஈர உடம்போடு வந்தான். "அக்காவுக்கு ஒண்டும் தெரியாது. அது என்ரை காசு. நான்தான் வைச்சனான்" என்றான்.

நான் கத்தினேன். அவன் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. சேட்டைப் போட்டுக்கொள்ளட்டும் என்று கெஞ்சினேன். அதற்கு மட்டும் விட்டார்கள்.

பிறகு கனகாம்பிகை அக்கா விளக்கினார். உங்கள் வாக்குமூலம் அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது. தமிழ்க் கடைக்காரன், வல்வெட்டித்துறை, வீட்டுக்கு வந்து வாங்குகிற ஆள், வீட்டில் இருப்பவன் முன்னாள் போராளி. இதற்குமேல் அவர்களுக்கு என்ன வேண்டும்? இயக்கத்தைத் திரும்பக் கட்ட வந்த காசு என்று எழுதியிருக்கிறார்கள். "உந்தத் தூதரகக்காரர் தங்கடை ஆளைக் காப்பாத்திறதுக்கு உங்கடை ஆளைக் குடுத்திருக்கினம்" என்றார் அக்கா.

யாருக்கு நட்டம் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் சண்டை முழுக்கக் கப்பலில் இருந்தீர்கள். உங்களை நான் அதற்காக ஒருநாளும் குறை சொன்னதில்லை, யாராவது ஒருவர் உயிரோடு இருக்கிறாரே என்றுதான் நினைத்தேன். ஆனால் எந்தச் சொல்லுக்கு இங்கே என்ன விலை என்று உங்களுக்குத் தெரியாது. பதினேழு வயதில் இயக்கத்துக்கு அவனைப் பிடித்துக்கொண்டு போனபோது நான் அந்த வாகனத்துக்குப் பின்னால் ஓடினேன். அம்மா அப்பா போனபிறகு முகாம் முகாமாகத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்த ஒன்றின் பெயரை நீங்கள் கேட்டவுடன் சொல்லிவிட்டீர்கள்.

காசை வாங்கி வைத்தவள் நான். அது எனக்குத் தெரியும். அதை நீங்கள் எழுதவேண்டாம்.

இனி எனக்குக் கடிதம் வேண்டாம்.

உதயகலா

-

18.06.2024

அன்பின் கலா,

வேண்டாம் என்று சொன்னபிறகும் எழுதுகிறேன்.

உம்முடைய சித்திரை மாதக் கடிதமும் வைகாசி மாதக் கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. அலுமாரியைப் பற்றி நீர் எழுதிய கடிதம் அவ்வளவு நாளும் யார் கையில் இருந்ததோ. கையெழுத்து வைக்காதையுங்கோ என்று எழுதியதை முதலில் வாசித்தேன். பிறகு மற்றதை. அன்றைக்குக் குசினிக்குப் போகவில்லை.

தம்பி எங்கே இருக்கிறான், உயிருக்கு ஆபத்தில்லையே, அதை மட்டும் எழுதும்.

தியாகு

-

09.07.2024

அன்பின் கலா,

பதில் இல்லை. பரவாயில்லை. நடப்பதை உமக்குச் சொல்லவேண்டும்.

வழக்கறிஞரைக் கூப்பிட்டு, வாக்குமூலத்தை மாற்றவேண்டும் என்றேன். அந்த மனிதர் கோபிக்கவில்லை. என் தோளில் தட்டினார். "தியாகு, இன்னும் நாலு மாதம். பேசாமல் இரு. மாற்றினால் பொய் வாக்குமூலம் கொடுத்த குற்றமும் சேரும். உன் மைத்துனன் விஷயம் வேறு நாட்டு விஷயம்" என்றார். அவன் பிடிபட்டதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை, கலா. உமக்கு அந்த றஞ்சித்தோடு நடந்தது எனக்கு இவரோடு நடந்தது.

அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நீதிமன்றம் ஒரு இளம் வழக்கறிஞரைத் தந்திருக்கிறது. மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை வருகிறது. தாரிகா என்று பெயர். தாய் தகப்பன் நீர்வேலி. இங்கேயே பிறந்தது, ஆனால் எங்கள் கதையைப்போலவே கதைக்கிறது. என் வாயால் முழுவதையும் சொன்னபோது மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தது.

உண்மையைச் சொன்னால் எத்தனை வருடம் என்று கேட்டேன். மூன்றிலிருந்து ஐந்துவரை என்கிறார்கள். சொன்னால் தனோஜனுக்கு உதவுமா என்று கேட்டேன். அது தங்களுக்குத் தெரியாது என்கிறார்கள்.

வழக்கு புரட்டாதியில். உம்மைக் கேட்காமல் ஒருமுறை கையெழுத்து வைத்துவிட்டேன். இந்தமுறை உம்மைக் கேட்கிறேன்.

தியாகு

-

வல்வெட்டித்துறை.
11.08.2024

தியாகு,

போன கிழமை கொழும்புக்குப் போனேன். தம்பியைப் பார்க்க விட்டார்கள். நடுவில் மேசை, பக்கத்தில் ஒருவர் நின்று நாங்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மெலிந்துவிட்டான். கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தான். மேலே வை என்று நான் சொல்லவில்லை.

"காசு உன்ரையில்லை எண்டு சொல்லடா" என்று அழுதேன்.

"பேந்து ஆற்றை எண்டு கேப்பினம். உன்ரை எண்டு சொல்லட்டே?" என்றான். பிறகு, "அத்தான் எப்ப வாறாராம்?" என்று கேட்டான். தீபாவளிக்கு என்று நீங்கள் எழுதியதைச் சொன்னேன். "நல்லது. நீ தனிய இருக்கமாட்டாய்" என்றான். அவ்வளவுதான். நேரம் முடிந்துவிட்டது.

அவன் அப்படிச் சொன்னதை நான் உங்களுக்கு எழுதாமல் விட்டிருக்கலாம். அவனும் விட்டுக்கொடுக்கிறான், நீங்களும் சின்னத் தண்டனையோடு வந்துவிடுவீர்கள், மிச்சத்தைக் கடவுள் பார்ப்பார் என்று இருந்திருக்கலாம். பேருந்தில் வரும்போது கிளிநொச்சி தாண்டும்வரை அதைத்தான் யோசித்தேன். உங்களுக்குச் சீனி. அங்கே குளிர். ஐந்து வருடம் என்றால் நீங்கள் வரும்போது நாங்கள் யாரோ எவரோ.

கனகாம்பிகை அக்கா சொல்கிறார், அந்த நாட்டு நீதிமன்றமே இது இயக்கக் காசு இல்லை என்று சொன்னால், இங்கே பிணை கேட்க ஒரு பிடி கிடைக்கும் என்று. அதைவிட வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

என்னைக் கேட்டிருக்கிறீர்கள். எழுதக் கை கூசுகிறது. ஒரு பெண்சாதி எழுதக்கூடிய வசனமா இது?

சொல்லுங்கோ. உள்ளதைச் சொல்லுங்கோ.

கலா

-

14.10.2024

அன்பின் கலா,

சொன்னேன்.

வியாபாரிகள் வந்த நாட்கள், அவர்களுக்கு என்ன சமைத்தேன், மேசையில் என்ன பேசினார்கள், மேடம் தந்த பொதி, ஐயா சொன்ன வார்த்தை, வழக்கறிஞர் சொல்லித் தந்த கடைக்காரன், எல்லாவற்றையும் சொன்னேன். நீதிபதி ஒரு வயதான பெண். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

அரச தரப்பு வழக்கறிஞர் எழும்பினார். "விசாரிக்க முடியாத ஒருவர்மேல் பழியைப் போடுவது வசதிதானே?" என்றார். தாரிகா அதைத் தமிழில் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரை விசாரிக்க ஏலாது எண்டு எனக்கு வடிவாத் தெரியும். அதாலைதானே நான் இஞ்சை நிக்கிறன்" என்றேன். பிள்ளை அதை எப்படிச் சொன்னதோ, நீதிபதி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படியென்றால் முதலில் ஏன் பொய் சொன்னாய்?" என்று நீதிபதியே கேட்டார்.

"வீட்டை போற ஆசையிலை, அம்மா" என்றேன்.

தீர்ப்பு பத்து நாள் கழித்து வந்தது. கடைக்காரன் கதை பொய் என்று ஏற்றுக்கொண்டார்கள். காசுக்கும் எந்தத் தமிழ் அமைப்புக்கும் தொடர்பில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் யாருடைய காசு என்பதைத் தீர்மானிக்க இந்த நீதிமன்றத்துக்கு வழியில்லையாம். அறிந்தே கொண்டுபோனேன், அதற்குமேல் பொய்யும் சொன்னேன் என்று நாலு வருடம்.

ஐயா இந்த நாட்டில் இல்லை. ஆனியிலேயே மாற்றமாகிப் போய்விட்டார். இன்னொரு தலைநகரத்தில், முன்பைவிடப் பெரிய பதவியாம். அங்கேயும் அவருக்கு ஒரு சமையல்காரன் தேவைப்படுவான்.

தீர்ப்பின் பிரதியைத் தாரிகா தன் செலவில் மொழிபெயர்த்து, முத்திரை வைப்பித்துக் கனகாம்பிகை அக்காவுக்கு அனுப்பிவிட்டது. நீர் அதற்கு இரண்டு வரி எழுதும்.

தீபாவளிக்கு வருவேன் என்று சொன்னதை மறந்துவிடும். நீர் இன்னும் கோபமா?

தியாகு

-

வல்வெட்டித்துறை.
23.02.2025

இஞ்சாருங்கோ,

தம்பி வந்துவிட்டான்.

தீர்ப்பை இங்கே ஏற்க மூன்று தவணை இழுத்தார்கள். போன திங்கட்கிழமை பிணை கிடைத்தது. வழக்கு முடியவில்லை. உறையில் இருந்த காசு இன்னும் வழக்கில் நிற்கிறது. றஞ்சித் என்று ஒருவரை யாரும் தேடவில்லை. தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் பொலிசில் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். கடலுக்குப் போக அனுமதி கேட்கவேண்டும். இளையதம்பி அண்ணை, தம்பி முன்பு தொழிலுக்குப் போய்வந்த தன் படகில் அவனுடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பாரைமீன் கொண்டுவந்து படலையில் கொழுவிவிட்டு உள்ளே வராமலே போனார்.

இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் தம்பி திரும்புவதில்லை. என்னடா என்று கேட்டேன். "குளிர் நிலத்திலை படுத்தது, காது அடைச்சிட்டுது" என்றான். அதற்குமேல் கேட்க அவன் விடவில்லை. ஆசுபத்திரிக்கு வா என்றால் நாளைக்கு என்கிறான்.

வந்த அன்று சோறு போட்டுக் கொடுத்தேன். முழுக்கச் சாப்பிட்டான். பிறகு, "அத்தான் எங்கை? தீபாவளிக்கு வந்திருக்கவேணுமே" என்றான். உள்ளே இருந்தபோது அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கனகாம்பிகை அக்காவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் பிணை வேண்டாம் என்று நின்றிருப்பான்.

எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் எதை மாற்றிச் சொன்னீர்கள், எத்தனை வருடம், யார் கேட்டு அப்படிச் செய்தீர்கள் என்பதையும் சொன்னேன்.

சாப்பிட்ட கை காய்ந்துபோயும் கழுவ எழும்பவில்லை. பிறகு சொன்னான்: "எங்கடை வீட்டிலை ஒராள் உள்ளுக்கை இருந்தாத்தான் மற்றாளை வெளியிலை விடுவினம் போலை."

அடுத்தநாள் காலையில் என்னிடம் பேனை கேட்டான். உங்களுக்கு எழுதப்போகிறேன் என்றான். இந்தமுறை நான் தடுக்கவில்லை. எழுதி எழுதிக் கிழித்தான். கடைசியில், "நீயே எழுது அக்கா. அத்தானை உடம்பைப் பாக்கச் சொல்லு. சீனி கூடினா அங்கை காலைக் கழட்டிப்போடுவாங்கள்" என்றான். அவன் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

கோபமா என்று கேட்டிருந்தீர்கள். ஓம். கோபந்தான். பெயரைச் சொன்ன உங்களோடு, உறையை வாங்கிய என்னோடு, சேட்டைப் போட்டுக்கொண்டு பேசாமல் ஏறிப்போன அவனோடு. எங்கள் மூன்று பேரோடுந்தான் எனக்குக் கோபப்பட முடிகிறது. அந்த ஐயாவை நினைத்தால் ஒன்றும் வருவதில்லை. முகம்கூடத் தெரியாது. அவருக்கு நாங்கள் யார் என்று தெரியாததைப்போல.

உங்களோடு உள்ள கோபத்தைக் கடிதத்தில் எழுதித் தீர்க்க முடியாது. நீங்கள் வந்து என் முன்னால் இருக்கவேண்டும், நான் கத்தவேண்டும், நீங்கள் பேசாமல் கேட்கவேண்டும். அதற்கு நீங்கள் உயிரோடு வரவேண்டும்.

மாத்திரையை விடாமல் போடுங்கோ.

கலா